கேள்வி – பதில்: திமிங்கிலத்தின் பங்காளி

இரண்டு இதழ்களுக்கு முன், இப்பகுதியில் வந்த ஒரு பதிலின் இடையே, "திமிங்கிலத்துக்கு உறவு தேடினால் சுறாவிடம் போகக் கூடாது, ஆட்டையும் மாட்டையும் நீர்யானையையும்தான் பார்க்க வேண்டும், காஷ்மீரில் கிடைத்த இன்டோஹையஸ் என்ற விலங்கு அதற்குச் சாட்சி" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம். அந்த ஒற்றை வரிக்கு வந்த கடிதங்கள் பல. பாராட்டியவர்களைவிடச் சந்தேகப்பட்டவர்களே அதிகம். ஆகவே இந்த முறை வேறு எதையும் தொடாமல் அந்த ஒரு விலங்கைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: இன்டோஹையஸ் என்பது என்ன விலங்கு? எப்போது வாழ்ந்தது, யார் கண்டுபிடித்தார்கள் என்பதை என் வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லும்படி எழுத முடியுமா? (அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆசிரியை)

ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கி, இமயமலை இன்னும் முழு உயரத்துக்கு எழும்பாமல், இடையே இருந்த டெத்திஸ் கடல் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில், இன்றைய ஜம்மு காஷ்மீரின் ரஜோரி மாவட்டத்தில் உள்ள காலாகோட் பகுதியில் வாழ்ந்த ஒரு சிறிய குளம்பு விலங்குதான் இன்டோஹையஸ். மாணவர்கள் மனத்தில் உருவம் நிற்க வேண்டுமானால், நன்றாகத் தின்று வளர்ந்த ஒரு வீட்டுப் பூனையின் அளவைச் சொல்லுங்கள். அந்தப் பூனைக்கு மானின் மெல்லிய கால்களையும், நீண்ட முகத்தையும், சற்றே நீளமான வாலையும் கற்பனையில் பொருத்தச் சொல்லுங்கள். ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை எல்லாம் அடங்கும் இரட்டைப்படைக் குளம்பிகள் என்ற பெருங்கூட்டத்தில் இதுவும் ஒன்று.

இதைக் கண்டறிந்து 1971-இல் பெயரிட்டவர் ஏ. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையத்தில் பணியாற்றியவர். எண்ணெய்க்காகப் பாறைகளின் வயதை அறியப் போகிறவர்களுக்குப் பாறைக்குள் இருக்கும் பல்லும் தாடையும் கடிகாரம் போல உதவும். அந்த வகையில்தான் இந்த விலங்கின் முதல் பற்களும் தாடைத் துண்டுகளும் அவர் கைக்கு வந்தன. பின்னாளில் இந்த விலங்கையும் இதன் உறவினர்களையும் சேர்த்து ஒரு குடும்பமாக வகைப்படுத்தியபோது, அவரைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு 'ராவெல்லிடே' என்றே பெயர் வைத்தார்கள். அறிவியலில் ஒருவருடைய பெயரில் ஒரு குடும்பமே இருப்பது அரிது. நம் பாடநூல்களில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அதைவிட அரிது.

கேள்வி: பெயரில் 'ஹையஸ்' என்றால் பன்றி என்கிறார்களே, அப்படியானால் இது பன்றி இனமா? (காரைக்குடி வாசகர்)

இல்லை. 'ஹையஸ்' என்பதற்குக் கிரேக்க மொழியில் பன்றி என்ற பொருள் உண்டு. ஆக, பெயரின் பொருள் 'இந்தியப் பன்றி'. முதலில் கிடைத்த பற்களைப் பார்த்தவர்களுக்குப் பன்றியின் நினைவு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை வைத்த அறிவியல் பெயரை, உறவு தவறு என்று தெரிந்த பிறகும் மாற்றுவதில்லை. குட்டையாக இருந்த குழந்தைக்கு நெடுமாறன் என்று பெயர் வைத்தால் பிறகு மாற்றுகிறோமா என்ன!

கேள்வி: ஓய்வு பெற்ற பொறியாளன் நான். பூனை அளவுள்ள மானையும் நூறு டன் திமிங்கிலத்தையும் ஒரே ஓர் எலும்பை வைத்து உறவாக்குவது கயிறு திரிப்பது போல எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் என்ன? (கோயம்புத்தூர்)

உங்கள் சந்தேகம் நியாயமானது. இதே சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் நீண்ட காலம் இருந்தது. திமிங்கிலங்கள் நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகளிலிருந்து வந்தவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்தப் பாலூட்டி என்பதில்தான் வழக்கு. 1960-களிலிருந்து பெரும்பாலோர் நம்பியது, மெசோனிக்கிடுகள் என்ற, ஊன் தின்ற, ஓநாய் போன்ற ஒரு தொல் விலங்குக் கூட்டத்தை. இரண்டின் பற்களும் அவ்வளவு ஒத்திருந்தன. 1990-களில் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் வேறு கதை சொன்னார்கள்: திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவு நீர்யானை. எலும்பைப் பார்ப்பவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. மரபணு ஒரு பக்கம் இழுக்க, பல் ஒரு பக்கம் இழுக்க, வழக்கைத் தீர்த்து வைத்தது கணுக்கால்.

இந்த இடத்தில் ஒரு சிறு செய்முறை. கறிக்கடையில் ஆட்டின் பின்னங்காலைக் கணுவோடு சேர்த்து வாங்கி, வேக வைத்து, கணுவுக்குள் இருக்கும் சிறிய எலும்பைப் பிரித்தெடுங்கள். கட்டைவிரலின் மேற்கணு அளவில், சதுரமாகச் செதுக்கியது போல ஓர் எலும்பு வரும். அதன் மேல் முனையில், நடுவே பள்ளமும் இருபுறமும் மேடுமாக, கிணற்றடி உருளை போன்ற ஓர் அமைப்பு இருக்கும். நாய்க்கும் குதிரைக்கும்கூட அது உண்டு. ஆனால் எலும்பைத் தலைகீழாகத் திருப்பினால் கீழ் முனையிலும் அதே போன்ற இன்னோர் உருளை இருப்பதைக் காண்பீர்கள். குதிரையின் எலும்பில் அந்த இடம் தட்டையாக இருக்கும். இந்த இரட்டை உருளை இரட்டைப்படைக் குளம்பிகளின் முத்திரை. மங்கோலியர்கள் இதே எலும்பை வைத்துத்தான் இன்றும் தாயம் போன்ற விளையாட்டுகளை ஆடுகிறார்கள். 2001-இல், பாகிஸ்தானில் கிடைத்த, கால்கள் கொண்ட ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. இரண்டிலும் இரட்டை உருளை இருந்தது. மெசோனிக்கிடு கட்சி அன்றோடு பலமிழந்தது.

ஆக, திமிங்கிலம் குளம்பிக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது இன்டோஹையஸ் வருவதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மீதமிருந்த கேள்வி, அந்தக் கூட்டத்துக்குள் யாருடைய வீட்டுக்கு அடுத்த வீடு என்பது. நீர்யானையின் புதைபடிவங்கள் திமிங்கிலத்தின் தோற்றத்துக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிந்தியே கிடைக்கின்றன. இடையில் பெரிய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் ரங்கா ராவ் சேர்த்து வைத்த பாறைகள் வந்து அமர்ந்தன.

அவர் காலாகோட்டிலிருந்து எடுத்து வந்த பாறைக் கட்டிகளில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே கிடந்தது. அவர் மறைந்த பிறகு, அவருடைய மனைவி அவற்றை ஆய்வுக்காக ஹான்ஸ் தெவிஸ்ஸன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூற்றியல் கற்பித்துவந்த தெவிஸ்ஸன், திமிங்கிலங்களின் தோற்றத்தை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். பாறையைச் சுரண்டி எலும்பை வெளியே எடுக்கும் பணியில் இருந்தபோது, உதவியாளரின் கையில் ஒரு மண்டையோட்டின் காதுப்பகுதி தவறுதலாக உடைந்தது. ஆய்வகத்தில் இப்படி ஒரு பொருள் உடைந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் உடைந்த விளிம்பைப் பார்த்த தெவிஸ்ஸனுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது.

ஏன் என்பதைச் சோழியைக் கொண்டு விளக்கலாம். ஒரு சோழியைக் கையில் எடுத்தால் அதன் முதுகு மெல்லிய ஓடாக இருக்கும். வாய்ப்பக்கத்து உதடு மட்டும் உள்ளே சுருண்டு தடித்துக் கனமாக இருக்கும். பாலூட்டிகளின் நடுச்செவியை மூடியிருக்கும் எலும்புக் குமிழ் பொதுவாகச் சுற்றிலும் மெல்லிய ஓடுதான். திமிங்கிலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் (டால்பின்களுக்கும்) மட்டும், அந்தக் குமிழின் உட்பக்கச் சுவர் சோழியின் உதட்டைப் போலத் தடித்துப் போயிருக்கும். ஒரு புதைபடிவம் திமிங்கிலமா இல்லையா என்று தீர்ப்பதற்கு அதுவரை பயன்பட்ட அடையாளமே இதுதான். உடைந்த அந்தச் சிறு காதில், மான் போன்ற அந்த விலங்கின் காதில், அதே தடித்த உதடு இருந்தது. 2007 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் தெவிஸ்ஸன், லிசா கூப்பர், மார்க் கிளெமென்ட்ஸ், சுனில் பாஜ்பாய், பி. என். திவாரி ஆகியோர் இதை வெளியிட்டார்கள். பாஜ்பாய் ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தையும், திவாரி டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள்.

ஒரே ஓர் எலும்பு என்றீர்கள். முன்பற்கள் தாடையில் முன்பின்னாக வரிசைப்பட்டிருக்கும் விதம், முன்கடைவாய்ப் பற்களின் உருவம் ஆகியவையும் ஆதித் திமிங்கிலங்களோடு ஒத்துப்போகின்றன. ஆனால் காதுதான் கண்ணில் அறைகிற சான்று என்பதை மறுக்கவில்லை.

கேள்வி: நிலத்தில் நடந்த விலங்கு என்கிறீர்கள், நீரிலும் இருந்தது என்றும் ஒரு யூடியூப் காணொளியில் சொன்னார்கள். செத்துக் கல்லாகிப் போனதன் பழக்கம் எப்படித் தெரியும்? (சென்னையிலிருந்து கல்லூரி மாணவி)

கல்லான எலும்பை அறுத்துப் பார்த்தால் தெரியும். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிப் பழகியவர்களுக்கு இன்டோஹையஸின் கால் எலும்பு பெரும் ஏமாற்றத்தைத் தந்திருக்கும். வெளிச்சுவர் அவ்வளவு தடிமன், நடுவில் மஜ்ஜைக்கான துளை அவ்வளவு குறுகல். ஓடிப் பிழைக்கும் விலங்குக்கு இது சுமை. நீருக்குள் கால் ஊன்றி நடக்கும் விலங்குக்கோ இது வரம். உடல் மேலே மிதந்துவிடாமல், தூண்டில் நூலில் கட்டிய ஈயக்குண்டு போலக் கீழே நிறுத்தி வைக்கும். நீர்யானையின் எலும்பும் இதே போலக் கனமானது.

இரண்டாவது சான்று பல்லின் எனாமலில் உள்ள ஆக்சிஜன். ஆக்சிஜனில் எடை குறைந்த அணுவும் உண்டு, எடை கூடிய அணுவும் உண்டு. நிலத்து விலங்கு மூச்சிலும் வியர்வையிலும் நீரை இழக்கும்போது எடை குறைந்தவை எளிதில் வெளியேறிவிடுகின்றன. எடை கூடியவை உடலில் தங்கிப் பல்லிலும் பதிகின்றன. எந்நேரமும் நீரில் கிடக்கும் விலங்கின் பல்லில் எடை கூடிய ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். இன்டோஹையஸின் பல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். அதே பல்லின் கார்பனைச் சோதித்தபோது அது, நன்னீரில் இரை தேடிய ஆதித் திமிங்கிலங்களின் பற்களோடு ஒத்துப்போகவில்லை. கரையில் மேய்ந்த விலங்கின் உணவோடு பொருந்தி வந்தது. கடைவாய்ப் பற்களும் தழையை நசுக்கும் பற்களே தவிர, மீனைப் பிடிக்கும் பற்கள் அல்ல. குடியிருப்பு நீரில், சாப்பாடு கரையில் என்ற இந்த முரண்தான், என் பார்வையில், காதைவிடச் சுவையான கண்டுபிடிப்பு.

கேள்வி: அப்படி வாழும் மான் ஏதேனும் இன்று உண்டா? (யாழ்ப்பாணம்)

உண்டு, உங்கள் தீவிலேயே அதன் சொந்தம் இருக்கிறது. ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழும் நீர்ச்சருகுமான், கழுகோ வேறு கொன்றுண்ணியோ துரத்தினால் ஓடையில் பாய்ந்து, அடித்தரையில் கால் ஊன்றி நீருக்குள்ளேயே நடந்து தப்பும். ஆபத்து நீங்கியதும் கரையேறித் தழையும் பழமும் தின்னப் போய்விடும். ஆசியச் சருகுமான்களுக்கு இந்தப் பழக்கம் இருப்பது வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. போர்னியோத் தீவிலும் இலங்கையின் மலைப்பகுதியிலும் ஆய்வாளர்கள் அதை நேரில் கண்டு பதிவு செய்தார்கள். இலங்கையில் கண்டது ஒரு கீரி துரத்திய சருகுமான். அது குளத்தில் இறங்கி மூழ்கித் தப்ப முயன்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் நம் சருகுமானும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மூன்று கிலோ எடை இருந்தால் அதிகம். உடல்வாகில் இன்டோஹையஸுக்கு இதைவிடப் பொருத்தமான உயிருள்ள ஒப்புமை இல்லை.

ஒப்புமை என்றுதான் சொன்னேன். உறவில் சருகுமான், அசைபோடும் மான் மாடுகளின் பக்கம் நிற்பது.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள்: இன்டோஹையஸ்தான் திமிங்கிலத்தின் பாட்டனாரா? (திருநெல்வேலி)

பாட்டனார் அல்லர், பங்காளி. காலமே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலத்தின் வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. காலாகோட் எலும்புகளோ அதற்குச் சற்றுப் பிந்தியவை. பேரன் பிறந்த பிறகு பாட்டன் பிறக்க முடியாது. இரு குலத்துக்கும் பொதுவான ஒரு மூதாதை அதற்கும் முன்னால் இருந்திருக்க வேண்டும். அதன் ஒரு கிளை நீருக்குள் போய்த் திமிங்கிலமாயிற்று, மற்றொரு கிளை கரையோரத்திலேயே கால் நனைத்துக்கொண்டிருந்து மறைந்து போயிற்று. மறைந்த அந்தக் கிளையைப் பார்த்துத்தான், மூதாதை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம்.

2007-இல் தெவிஸ்ஸன் குழு நீர்யானையைச் சற்றுத் தள்ளி வைத்ததை 2009-இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அவர்கள் கணக்கிலும் இன்டோஹையஸ் குடும்பம் திமிங்கிலத்துக்கு அடுத்த வீடுதான்; அதற்கு அடுத்த வீடு நீர்யானை. மரபணுக்காரர்களும் அதோடு ஒத்துப்போவதால், பெரும்பாலோர் இன்று இந்த வரிசையையே ஏற்கிறார்கள்.

திமிங்கிலங்கள் ஏன் கடலுக்குப் போயின என்று கேட்டால், மீனைத் துரத்திக்கொண்டு போயின என்பதே பழைய பதில். காலாகோட் எலும்புகள் அதைத் திருப்பிப் போடுகின்றன என்பது தெவிஸ்ஸனின் கருத்து: முதலில் உயிருக்குப் பயந்து நீரில் இறங்கியிருக்கிறார்கள், சாப்பாடு அங்கே இருக்கிறது என்று பிற்பாடுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இது கருதுகோள்தான், கண்ணால் கண்டது அல்ல. இருந்தாலும் எலும்பு, எனாமல், கடைவாய்ப் பல் மூன்றும் தனித்தனியே சொல்வதை ஒரே கதையில் அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: 2016 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியபோது நேரில் போய்ப் பார்த்தேன். காலும் இல்லை, காதும் இல்லை. குளம்பு இருந்ததற்கான அடையாளம் துளியும் தெரியவில்லையே? (தூத்துக்குடி மாவட்ட வாசகர்)

அன்று மணப்பாட்டுக்கும் ஆலந்தலைக்கும் இடைப்பட்ட கரையில் ஒதுங்கியவை எண்பதுக்கும் மேற்பட்ட குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள். நீங்கள் தேடிய அடையாளங்கள் தோலுக்கு அடியில் இருந்தன. அவற்றின் துடுப்பைப் பிரித்தால் உள்ளே மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், மணிக்கட்டு, விரல்கள் என்று ஒன்று விடாமல் இருக்கும். பின்னங்கால் இருந்த இடத்தில், முதுகெலும்போடு ஒட்டாமல் சதைக்குள் புதைந்த இரண்டு சிறு இடுப்பெலும்புகள் இருக்கும். கருவில் வளரும் ஓங்கிலுக்குப் பின்னங்கால் மொட்டுகள் அரும்பிச் சில வாரங்களில் மறைவதையும் பார்த்திருக்கிறார்கள். குளம்பு மட்டும் மிஞ்சவில்லை, உண்மைதான்.

காது விஷயத்தில் நீங்கள் பார்த்தது வெளிக்காது இல்லாததை. உள்ளே இருக்கும் செவிக்குமிழ் திமிங்கிலத்தின் உடலிலேயே மிக அடர்த்தியான எலும்புகளில் ஒன்று. மற்ற எலும்புகள் உளுத்துப் போன பிறகும் அது கடலடியில் கிடக்கும். சில சமயம் அலையோடு கரைக்கும் வரும். பார்ப்பதற்குக் கூழாங்கல் போல இருக்கும், கையில் எடுத்தால் எதிர்பாராத கனம். ஒரு பக்கம் ஓடு, மறு பக்கம் சுருண்டு தடித்த உதடு. காலாகோட் பாறையிலிருந்து வெளிவந்து அந்த உதவியாளரின் கையில் உடைந்தது இதே உதடுதான், அங்கே சுண்டுவிரல் நுனிக்குள் அடங்கிவிடும் அளவில். கரையில் அப்படி ஒன்று தட்டுப்பட்டால் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வீட்டு அலமாரியில் வைக்க வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது.